பெருநாள் வாரன்ட்

பிள்ளைச் செலவு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போட வருகிற பெண் முதலில் லோயரைப் பார்ப்பதில்லை. கந்தோர் வாசலில், செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கதிரையில் இருக்கிற கிளாக்கரைத்தான் பார்க்கிறாள். அவள் அழுவதும் அவனிடம்தான், பொய் சொல்வதும் அவனிடம்தான். உள்ளே போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். லோயருக்குக் கிடைப்பது துடைத்த முகம். ஆகவே, லோயர்மாரிடம் கிளாக்கராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுடைய கதிரையைச் சின்னக் கதிரை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் நான் புத்தளத்தில் கல்வீடு கட்டினேன். பிள்ளைகளைக் கம்பஸ் வரை படிப்பித்தேன். கோட்டுப் படியில் என்னைக் கண்டால் சீனியர் லோயர்மாரே நின்று இரண்டு கதை கதைத்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் படித்தது மன்னாரில் ஐந்தாம் வகுப்பு மட்டும். தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்கள் எங்களை ஊரை விட்டு எழும்பச் சொன்னபோது வாப்பாவும் உம்மாவும் நாங்களும் உடுத்த உடுப்போடு இந்தப் பக்கம் வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்தோம். நான் கோட்டு வாசலில் பிளேன்டீ விற்றேன். ஒருநாள் காணி வழக்குக்கு வந்த இரண்டு குடும்பம் வாசலிலேயே அடிபடப் போனார்கள். ஆளுக்கொரு பிளேன்டீயைக் கையில் கொடுத்தேன். சுடுகிற கோப்பையைப் பிடித்துக்கொண்டு எவனும் அடிக்க மாட்டான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லோயர்தான் என்னைத் தன் கந்தோருக்குக் கூட்டிப்போனார். அவரை நான் கடைசி வரைக்கும் ஐயா என்றுதான் கூப்பிட்டேன். சட்டம் முழுவதும் காதால் படித்தவன் நான். என் கையால் போன மனு எழுத்துப் பிழைக்குத் திரும்பியிருக்கலாம், விஷயப் பிழைக்குத் திரும்பியதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

முதல் தாபரிப்பு வழக்கை என்னிடம் தந்தபோது ஐயா ஒரு கதை சொன்னார். "இந்த வழக்கில ரெண்டு கட்சியில்ல, மூண்டு. மூண்டாவது ஆளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த ஆள மறந்திராத." லோயர்மார் அப்படித்தான் அழகாகக் கதைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பைலைக் கட்டினேன்.

சட்டம் ஒரு மாதிரி, வெளியில் சனம் நினைப்பது இன்னொரு மாதிரி. கலியாணம் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் பிள்ளையைப் பார்க்கிற கடமை தகப்பனை விட்டுப் போகாது. தாய் உழைக்கிறவள் என்றால் தாயையும் கோடு கேட்கும். எங்களுடைய ஆட்களுக்குக் காதியார் இருக்கிறார். மற்றவர்களுக்கு நீதவான் கோடு. மாதச் சம்பளக்காரன் என்றால் சுகம், வேலை செய்கிற இடத்திலேயே வெட்டி எடுக்கச் சொல்லிக் கட்டளை வாங்கலாம். கடல்காரனுக்கு ஏது சம்பளம்? மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கை. கோட்டில் ஏறி நின்றால் எல்லாக் கடல்காரனும் போன மாதம் மீனே படவில்லை என்றுதான் சொல்வான்.

சண்டை முடிந்த பிறகு இன்னொரு வில்லங்கம் சேர்ந்தது. அதுவரைக்கும் வடக்குக் கடலுக்குப் போக ஏலாது, பாஸ், கட்டுப்பாடு என்று ஆட்கள் கற்பிட்டிக் கரையிலேயே கிடந்தார்கள். எங்கே தேடினாலும் ஆள் கிடைப்பான். கடல் திறந்ததும், சோளகக் காற்றுத் தொடங்கி இங்கே தொழில் படுத்தவுடன் முல்லைத்தீவு, திருகோணமலை என்று கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கப் போனார்கள். போன இடத்தில் எந்த வாடி, எந்தக் கரை என்று யாருக்குத் தெரியும்? கட்டளையை வைத்துக்கொண்டு கோட்டுச் சேவகர் வெறும் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருவார். நாட்டுக்குச் சமாதானம் வந்தது, பிள்ளைக்குச் செலவு கொடுக்காத தகப்பனுக்கு ஒளிக்க இடமும் வந்தது. எனக்கு அது முதலில் நம்ப முடியாமல்தான் இருந்தது.

அதற்கு வழி கண்டவன் நான். இந்தக் கரையில் வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவன் எந்த வாடியில் கிடந்தாலும் தன் ஊர்க் கோயில் பெருநாளுக்கு வராமல் இருக்க மாட்டான். பஸ்ஸில் இடமில்லாவிட்டால் மீன் லொறியில் ஏறியாவது வருவான். ஆகவே வாரன்டை முன்கூட்டியே எடுத்துப் பொலிஸில் கொடுத்து வைத்துவிட்டுப் பெருநாளைக் காத்திருக்க வேண்டும். கந்தோர்களில் இதற்குப் பெருநாள் வாரன்ட் என்று பெயரே வந்துவிட்டது. பூசை முடிந்து, சுருவம் என்கிற சிலை ஊர் சுற்றி வந்து, ஆள் சாப்பிட்டுப் படுத்த பிறகு போய் மெல்லமாக எழுப்பவேண்டும். சனத்துக்குள் கூடாது, கோயில் வளவுக்குள் கூடாது. இதுவும் நான் வைத்த சட்டம்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த வழியில் பால்மாவும் புத்தகமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

இப்போது ரீட்டாவின் வழக்குக்கு வருகிறேன்.

மாம்புரிப் பக்கத்துப் பெண். கடல்காரன் யூட்டைக் கட்டி, ஒரு பெண்பிள்ளை, பெயர் செரின். புருஷன் பெண்சாதிக்குள் சண்டை முற்றி, ரீட்டா பிள்ளையையும் கொண்டு அண்ணன் சேவியர் வீட்டுக்கு வந்துவிட்டாள். சேவியருக்கு வெங்காயத் தோட்டமும் சின்ன லொறியும் இருந்தன. தங்கச்சியையும் பிள்ளையையும் சோற்றுக்குக் குறைவில்லாமல் வைத்திருந்தார், அதை நான் மறைக்க மாட்டேன். என்னை நானா, நானா என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். ஆனால் என் கந்தோருக்கு வந்தால் ரீட்டாவை வாய் திறக்க விடமாட்டார். கேள்வியை அவளிடம் கேட்டால் பதில் அவரிடமிருந்து வரும். ஒருமுறை பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டேன். அதற்கும் அவர்தான் பதில் சொன்னார், அதுவும் பிழையாக.

நீதவான் மாதாமாதம் கோட்டில் கட்டச் சொல்லிக் கட்டளை போட்டார். யூட் கொஞ்ச காலம் கட்டினான். பிறகு நின்றுபோனது. ஒருமுறை கோட்டு வளவில் அவனைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். எதிர்க்கட்சி ஆளென்றாலும் கதைப்பதில் குற்றமில்லை. மகளைப் பார்க்கப் போனால் சேவியர் கேற்றைப் பூட்டுகிறார் என்றான். பிள்ளையைக் காட்டாதவர்களுக்குத் தான் ஏன் கட்டவேண்டும் என்றான். சேவியரைக் கேட்டால், கட்டாதவனுக்குத் தான் ஏன் பிள்ளையைக் காட்டவேண்டும் என்றார்.

இதைக் கவனமாகக் கேளுங்கள், நீங்களும் ஆயிரம் தடவை கேட்கப்போகிற கதை இது. காசு கட்டுவது ஒரு கடமை, பிள்ளையைப் பார்க்க விடுவது இன்னொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த எந்தச் சட்டமும் விடாது. பார்க்க விடாவிட்டால் அதற்கு வேறு கோடு இருக்கிறது, போய்க் கேட்கலாம். இரண்டு பேருக்கும் வாய் வலிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் நான் மற்றவன் பக்கம் நிற்கிறேன் என்றார்கள்.

இதற்குள் யூட் தன் மனதில் தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். முல்லைத்தீவு வாடியிலிருந்து மீன் லொறியில் மகளுக்கென்று நல்ல கருவாடாகப் பார்த்துக் கட்டி அனுப்புவான். சேவியர் பொதியை அவிழ்க்காமலே அதே லொறியில் திருப்பி அனுப்புவார். கோட்டில் கருவாட்டுக்குக் கணக்கில்லை. கையில் கொடுத்தது, பொதியில் அனுப்பியது எல்லாம் அன்பு. கட்டளைப்படி கோட்டில் கட்டினால்தான் தாபரிப்பு. அங்கே அதை அவனுக்கு விளங்கப்படுத்த ஆள் இல்லை. அவன் அங்கேயே கிடந்தான், நிலுவை ஏறியது, வாரன்ட் வந்தது. பெருநாளுக்கு வைத்தோம்.

பெருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆளை அடையாளம் காட்ட நானே போயிருந்தேன். இப்படியான வேலையை நான் வேறொருவனிடம் விடுவதில்லை. காற்று அடித்து மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தோரணம் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. சார்ஜன் சிவில் உடுப்பில், கூட ஒரு கான்ஸ்டபிள். ஜீப்பைத் தென்னந்தோட்டத்துக்குள் விட்டிருந்தார்கள். சுருவம் சுற்றி வந்து, ஆள் சம்மாட்டி வீட்டுக்குச் சாப்பிடப் போன பிறகு, அங்கே வைத்துத்தான் பிடிப்பது என்று பேசியிருந்தோம். சம்மாட்டி என்றால் யூட் வேலை செய்த வள்ளத்தின் சொந்தக்காரர். அவருக்கும் நான் முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன்.

நான் கச்சான் கடலை விற்கிற கடைக்குப் பக்கத்தில் நின்றேன். பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. அதற்குள் யூட்டைக் கண்டேன். கண்டவுடன் எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது, ஏனென்றால் அவன் கையில் செரின் இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை, தலையில் பூ வளையம். இடுப்பில் காலைப் போட்டு, இரண்டு கையாலும் தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கேற்றைப் பூட்டிய நாளிலிருந்து அந்தப் பிள்ளையை அவன் கிட்டப் பார்த்ததே இல்லை. அவன் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். சேவியருக்கு மாதா மனதைத் திருப்பிவிட்டாள் போல, கதைத்துச் சமாதானமாகிவிட்டார்கள், இனி வாரன்டும் வேண்டாம், சார்ஜனிடம் சொல்லி நிறுத்திவிடுவோம் என்று நினைத்தேன்.

அப்போது சேவியர் என் பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க நானா. ஆள் ஓட மாட்டான்."

எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளை கையில இருக்குதே. கையில பிள்ளையோட எப்படி ஓடுவான்? நான்தான் குடுத்தனான். அப்பாட கழுத்த விடாத, விட்டாப் பரிசு இல்ல எண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

தம்பிமாரே, நான் கோட்டு வாசலில் வளர்ந்தவன். வாளால் வெட்டுப்பட்டு வந்தவனின் கட்டை அவிழ்த்துப் பார்த்துத்தான் முறைப்பாடு எழுதியிருக்கிறேன். தாயே பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எதற்கும் ஆடாதவன் நான். சேவியர் அதைச் சொன்னபோது ஆடிப்போனேன். மனுசர் கெட்டவர்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லொறியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற மாமா அவர். தான் செய்தது கெட்டித்தனம் என்றுதான் நின்றார். நான் மெச்சுவேன் என்று என் முகத்தைப் பார்த்தார்.

சார்ஜனை நிறுத்தத் திரும்பினேன். பிந்திவிட்டது. சேவியர் எனக்குச் சொல்லும் முன்பே அவர்களுக்குக் கை காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் சனத்துக்குள்ளால் போய்க்கொண்டிருந்தார்கள்.

யூட் அவர்களைக் கண்டான். பொலிஸ்காரன் எந்த உடுப்பில் வந்தாலும் கடல்காரனுக்குத் தெரியும். அவன் கண் முதலில் கரைப்பக்கம் போனது. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணல், அங்கால் வள்ளங்கள். ஒரு கால் வைத்தும் விட்டான். அந்த நேரம் பிள்ளை கையை இறுக்கினாள். மாமா சொன்னதை மறக்கவில்லை. அவன் நின்றுவிட்டான்.

சார்ஜன் நல்ல மனுசன். விலங்கை எடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. யூட் பிள்ளையை இறக்கப் பார்த்தான். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். அவன் சுற்றிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற முகங்களில் சேவியரை விட்டால் அவனுக்குத் தெரிந்த முகம் என்னுடையது. அவனுக்கு எதிராக மனு எழுதிய முகம்.

"நானா, ஒருக்காப் புடியுங்க."

நான் கையை நீட்டினேன். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "இந்த நானாவோட நில்லு மகள். நான் சோடா வாங்கிக்கொண்டு வாறன். சிவப்புச் சோடா." பிறகு இரண்டு பொலிஸ்காரருக்கும் நடுவில், கூட்டாளிமாரோடு போவது போல, திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டு போனான். தென்னந்தோட்டத்துக்குள் போய் மறைகிற வரைக்கும் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே போனான்.

சேவியர் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. அப்பா சோடா வாங்கப் போயிருக்கிறார், இங்கேதான் நிற்கச் சொன்னவர் என்றாள். சேவியர் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சேவியர்," என்றேன், "இப்ப வாயத் திறந்தீங்க எண்டா இந்த வழக்கில இனி நான் இல்ல."

"இதென்ன கதை? பீஸ் வாங்கினது எங்களிட்ட. பாவம் பார்க்கிறது அவனையா?"

"நான் பார்க்கிறது அவனை இல்ல," என்றேன்.

அந்த நேரம்தான் ரீட்டா வந்தாள். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தவள், கையில் மெழுகு காய்ந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாரன்ட் சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதான் அவளுக்கும் சொல்லியிருந்தோம். பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்தது மாதாவின் குகைக் கெபிக்கு முன்னால் அவள் முழங்காலில் நின்ற நேரத்தில். நான் பிள்ளைக்குக் கேட்காமல் நாலு வார்த்தையில் சொன்னேன். அவள் அண்ணனைப் பார்த்த பார்வையைப் பார்த்து நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உனக்காகத்தான் செய்தனான்," என்றார் சேவியர்.

இங்கேதான் உங்களுக்குப் புத்தி வேலை செய்யவேண்டும். பதறிப் பிரயோசனமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோடு பூட்டு, அன்றைக்குப் பிடித்த ஆளை நீதவானுக்குப் பதிலாக இருக்கிற பதில் நீதவானின் வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். நிலுவையைக் கட்ட வழியில்லாவிட்டால் அங்கிருந்து நேரே உள்ளே. ஆனால் வழக்குப் போட்டவளே முன்னால் நின்று, தவணை கொடுங்கள், இன்றைக்கு விடுங்கள் என்று சொன்னால், பொறுப்புக்கு ஒரு ஆளும் நின்றால், நீதவான் கேட்பார். இதை ரீட்டாவுக்குச் சொன்னேன். போவதென்றால் இப்போதே போகவேண்டும், பிந்தினால் பிள்ளை சோடாவுக்காக இரண்டு நாள்கூட நிற்கவேண்டி வரும் என்றேன்.

"போனா என்ட வீட்டுப் படி ஏறாத," என்றார் சேவியர்.

ரீட்டா எங்கள் கந்தோரில் ஒரு வசனம் முழுதாகக் கதைத்ததை நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"சரி அண்ணே. அப்ப என்ட உடுப்புப் பெட்டிய வாசல்ல வச்சிருங்க. பிள்ளையிட புத்தகப் பையையும்."

சேவியர் அதை எதிர்பார்க்கவில்லை. 

சம்மாட்டியைக் கூப்பிட்டேன். சமைத்த சோறு ஆறுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார், விஷயத்தைக் கேட்டதும் முணுமுணுப்பு நின்றது. வழி ஒன்று என் மூளையில் அந்த இடத்திலேயே பட்டது. வள்ளத்தில் மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது வலைக்கு ஒரு பங்கு எடுப்பார்கள், எஞ்சினுக்கு ஒரு பங்கு எடுப்பார்கள், பிறகுதான் ஆட்களுக்கு. எஞ்சினுக்குப் பங்கு உண்டு, பிள்ளைக்கு இல்லையா? யூட்டின் பங்கு அவன் கைக்குப் போகும் முன்பே பிள்ளைப் பங்கை எடுத்துச் சம்மாட்டியே கோட்டில் கட்டுவார் என்று நீதவானிடம் சொல்லச் சொன்னேன்.  "இதை முந்தியே கேட்டிருந்தா முந்தியே செய்திருப்பனே," என்றார் சம்மாட்டி. இன்றைக்கு இந்தக் கரையில் பல வள்ளங்களில் பிள்ளைப் பங்கு எடுக்கிறார்கள். எடுக்கிறவர்களுக்கு அதை யார் தொடக்கியது என்று தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஐயாவுக்குப் போன் எடுத்தேன். பதில் நீதவான் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். நானும் ஓட்டோவில் வருகிறேன் என்றேன். பிள்ளை எங்கே என்று கேட்டார். பக்கத்தில் நிற்கிறாள், நகர மாட்டேன் என்கிறாள் என்றேன்.

"அப்ப நீ வராத. நீ மூண்டாவது ஆளோட நில்லு," என்றார்.

ரீட்டாவும் சம்மாட்டியும் போனார்கள். சேவியர் எங்கே போனார் என்று நான் பார்க்கவில்லை. நானும் செரினும் கச்சான் கடையின் சாக்கு நிழலில் நின்றோம். சுருவம் எங்களைக் கடந்து போனது, பாண்ட் வாத்தியம் போனது, வெடி போட்டார்கள். நான் கச்சான் வாங்கிக் கொடுத்தேன், பலூன் வாங்கிக் கொடுத்தேன். எப்படிப்பட்ட சாட்சியையும் கதைத்து வழிக்குக் கொண்டுவருகிறவன் நான், ஆறு வயதுப் பிள்ளையைச் சமாளிக்க முடியாதா? காற்று, மணல், வள்ளம் என்று கதைத்துக்கொண்டே இருந்தேன்.

"நான் கழுத்த விடவே இல்ல," என்றாள் அவள், கச்சான் கோதை உடைத்துக்கொண்டு. "நீங்க கண்டீங்கதானே? மாமாட்டச் சொல்லுங்க."

"ஓம், கண்டன்," என்றேன். வேறென்ன சொல்ல?

கொஞ்ச நேரம் கழித்து, சோடாக் கடை அங்கே இருக்கிறதே, அப்பா ஏன் அந்தப் பக்கமாகப் போனார் என்று கேட்டாள். அங்கே சிவப்புச் சோடா முடிந்துவிட்டது என்றேன். அந்த மாமாமார் யார் என்று கேட்டாள். கூட்டாளிமார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு, யாரிடமும் சொல்லாதது போல, "எங்கட அப்பா நல்லா ஓடுவார். வள்ளத்தில ஓடிப்போய் ஏறுவார்," என்றாள். நான் ஓம் ஓம் என்றேன்.  அவள் கச்சான் பையை என் கையில் தந்துவிட்டுத் தன்னுடைய இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நித்திரை வருகிறதாக்கும் என்று நினைத்தேன். சரியாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் வந்தது.

சனம் கலைந்து கடைக்காரர்கள் சாக்கை அவிழ்க்கத் தொடங்கிய நேரம் ஓட்டோ வந்தது. நீதவான் தவணை கொடுத்து, சம்மாட்டியின் பொறுப்பில் விட்டிருந்தார். மகளைப் பார்க்கிற நாட்களை இரண்டு பேரும் ஐயா முன்னால் பேசி எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்திருந்தது. ரீட்டா ஓட்டோவுக்குள்ளேயே இருந்தாள். யூட் இறங்கி வந்தான். கையில் சிவப்புச் சோடாப் போத்தல். எங்கே நிறுத்தி வாங்கினார்களோ, குளிர்ந்து வேர்த்துக்கொண்டிருந்தது.

"கடையில சரியான சனம் மகள்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். சோடாவைப் பார்த்தாள். ஓடிப் போகவில்லை. அவன் போத்தலை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்து அவளைத் தூக்கினான். தூக்கவிட்டாள். ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். பிடிமானம் இல்லாமல் பிள்ளை பின்பக்கம் சாய்ந்தாள். அவன் ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, "புடிச்சுக்கொள்ளு மகள், விழுந்திருவாய்," என்றான்.

"வேணாம்," என்றாள் செரின். "புடிச்சாத் திரும்பவும் உங்களக் கொண்டுபோயிருவாங்க."

ஓட்டோவுக்குள்ளிருந்து ரீட்டாவின் சத்தம் ஒன்று வந்தது, அழுகை என்றும் சொல்ல முடியாது.  யூட் அவளைக் கீழே இறக்கவில்லை. சாயச் சாயத் தாங்கிக்கொண்டே ஓட்டோ வரைக்கும் நடந்தான். அவள் கை கடைசி வரைக்கும் முன்னால் வரவில்லை. சோடாப் போத்தலும் கச்சான் பையும் என் கையில் இருந்தன. கொடுக்க மறந்து நின்றேன்.

அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பொய்யாகக் கதைத்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவள் தானாகவே கணக்குப் பார்த்து முடித்திருக்கிறாள். முன்னால் நின்ற எனக்கு அது தெரியவில்லை, சாட்சியின் கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கிற எனக்கு.

வாரன்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது ஆளின் பெயர், விலாசம், நிலுவை எல்லாம் கேட்பீர்கள். அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு தடவையும் இன்னொன்றும் கேட்டேன், நீங்களும் கேளுங்கள். அவனைப் பிடிக்கிற நேரம் பிள்ளை எங்கே நிற்கும்? பதில் வரும் வரைக்கும் பேனையை மூடி வையுங்கள்.